போன் போன மறுநாள் எது கைகொடுக்கும்: கூகுளா, கீபாஸா, பிட்வார்டனா?

ரயில் டிக்கெட், கரண்ட் பில், பிஎஃப், வருமான வரி, இரண்டு வங்கி, பிள்ளையின் கல்லூரித் தளம். திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் இத்தனைக்கும் பாஸ்வேர்டு ஒன்றுதான்: வீட்டில் யாருடைய பேராவது, கூடவே 123. அதுவும் இ-சேவை மையத்து அண்ணாச்சியின் நோட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கும். எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் வேண்டுமா என்று இனி கேட்க வேண்டியதில்லை, கூகுள், கீபாஸ், பிட்வார்டன் மூன்றில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. ஆண்ட்ராய்டை வைத்தே பேசுகிறேன், ஐபோன் பழக்கம் எனக்குக் குறைவு. நான் வைத்திருப்பது, பாஸ்வேர்டுகளைப் பூட்டித் தன் சர்வரில் வைக்கும் பிட்வார்டன், சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மூன்றிலும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். நீளமான பாஸ்வேர்டைத் தானே உருவாக்கும், கைரேகையில் திறக்கும், தளத்தின் முகவரி பொருந்தினால்தான் நிரப்பவா என்று கேட்கும். ‘இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வரும் போலி லிங்கைத் திறந்தால் சும்மா இருக்கும். அந்த மௌனமே பெரிய எச்சரிக்கை.

கூகுள் மேனேஜர் போனிலேயே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். அம்மாவுக்கு அமைத்துக் கொடுப்பதென்றால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே ஜிமெயில் கணக்குக்குப் பின்னால் நிற்கும். கணக்குக்குள் போக முடியாவிட்டால் எல்லாமே கதவுக்கு அந்தப் பக்கம்தான்.

கீபாஸ் வகையில் ஆண்ட்ராய்டுக்கான செயலி கீபாஸ்டிஎக்ஸ், அது நேர் எதிர். கணக்கும் கிடையாது, சர்வரும் கிடையாது. எல்லாம் ஒரே பூட்டிய கேடிபிஎக்ஸ் கோப்பில். அது உங்கள் கையில், பொறுப்பும் உங்கள் தலையில். போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும். பென் டிரைவில் பிரதி இருந்தால் எவரிடமும் அனுமதி கேட்காமல் அன்றே திறந்துவிடலாம், மீட்பில் இதற்கு நிகர் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிரதி எடுக்க வேண்டும் என்பதில்தான் சறுக்கும். பென் டிரைவைச் செருகிப் பார்த்தால் போன வருஷத்துக் கோப்பு இருக்கும். கணினியிலும் போனிலும் மாறி மாறித் திருத்தினால் எது புதியது என்ற குழப்பம் வேறு.

இனி முக்கியமான விஷயம். குற்றால அருவியிலோ பஸ் நெரிசலிலோ போன் போய்விட்டது, சிம்மும் அதனுள்தான். புதுப் போன் வாங்கி, டூப்ளிகேட் சிம்மும் போட்டாயிற்று. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) போட்டிருந்தால் ஜிமெயில் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும், ஓடிபி அனுப்பவா அல்லது பழைய போனில் ‘ஆம்’ தட்டுகிறீர்களா என்று கூகுள் கேட்கும். இரண்டுக்கும் வழியில்லை.

பிட்வார்டனிலும் இதே பொறி உண்டு, பலர் கவனிப்பதில்லை. இரண்டடுக்கு உள்நுழைவு போடாத கணக்கைப் புதுக் கருவியில் திறந்தால், 2025 முதல் அது மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பிக் கேட்கிறது. அந்த மின்னஞ்சல் ஜிமெயில், ஜிமெயிலின் பாஸ்வேர்டு பிட்வார்டனுக்குள். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்.

ஆனால் இங்கே பொறியை முன்கூட்டியே அவிழ்த்து வைக்கலாம். பிட்வார்டனில் இரண்டடுக்கைப் போட்டு, அது தரும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதுங்கள். உள்நுழைவுக் குறியீடு காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி தொலைந்த போனோடு போனாலும் அந்தக் குறியீடு இரண்டடுக்கை நீக்கி உள்ளே விடும். கூகுள் கணக்கிலும் ஓடிபிக்குப் பதிலாகப் போட பேக்கப் குறியீடுகள் பத்து கிடைக்கும். எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதே தாளில் பிட்வார்டனுக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையும், அதை மொத்தமாகத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டையும் சேர்த்து, பட்டாவும் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: இணையத் திருடன் உங்கள் பீரோவைத் திறக்க வரமாட்டான்.

இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவியிலும் உள்நுழையலாம் என்பது அடுத்த பலம். வீட்டுக் கணினியிலோ மனைவியின் பழைய போனிலோ ஒருமுறை உள்நுழைந்து வைத்தால், போன் போன அன்று மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டினாலே போதும். அதற்கு நேரக்கெடு முடிந்தால் ‘லாக்’ ஆகும்படி அமைக்க வேண்டும், ‘லாக் அவுட்’ கூடாது. லாக் என்றால் உள்ளிருக்கும் பிரதி அப்படியே நிற்கும். மாஞ்சோலையில் டவர் கிடைக்காத இடத்திலும் திறந்து பார்க்கலாம், திருத்த மட்டும் இணையம் வேண்டும்.

மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் நிறுவனமே மீட்டுத் தராது, அவர்களிடம் அது கிடையாது. குறைந்தது 12 எழுத்து வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொல் நல்லது, நெல்லையப்பரும் அல்வாவும் வேண்டாம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பதானால் ழ, ள, ற வராத சொல்லாகப் பாருங்கள். ‘மழை’யை அன்றைக்கு எப்படி எழுதினோம் என்று ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது. கைரேகையிலேயே திறந்து பழகியவர்கள் வாரம் ஒருமுறையாவது கையால் தட்டிப் பாருங்கள். போனில் பிள்ளையின் விரலைப் புதிதாகச் சேர்த்தால் பிட்வார்டன் கைரேகையை நம்பாமல் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்கும். பலர் மறந்ததை உணர்வது அப்போதுதான்.

நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜரின் பெட்டகப் பிரதிகள் திருடு போயின. பூட்டியிருந்தவைதான், ஆனால் திருடனுக்கு உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரமும் உண்டு. பிட்வார்டன் சர்வரில் இருப்பதும் அப்படிப்பட்ட பூட்டிய பெட்டிதான். கீபாஸ் ஆதரவாளர்கள் இதைச் சொன்னால் மறுக்க முடியாது.

பாஸ்வேர்டு நிரப்பும் பட்டை தோன்றவில்லை என்றால் முதலில் போன் அமைப்புகளில் ஆட்டோஃபில் (தானாக நிரப்பும்) சேவையாக பிட்வார்டன் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அடுத்து அதன் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். பின்னணிச் செயலிகளை மூடிவிடும் போன்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். சில வங்கிச் செயலிகளில் எதுவும் நிரப்பாது, கையால்தான் அடிக்க வேண்டும்.

கூகுளிலிருந்து மாற, அதன் அமைப்புகளில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் சிஎஸ்வி கோப்பு வரும். பிட்வார்டன் இணையதளத்தில் இம்போர்ட் பகுதியில் குரோம் வகையைத் தேர்ந்து ஏற்றுங்கள். அந்தக் கோப்பில் எல்லாம் பூட்டின்றி அப்பட்டமாக இருக்கும். டவுன்லோட்ஸிலும் ட்ராஷிலும் அழியுங்கள். கணினிக்கு அனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அங்கேயும்.