கடை வாடகைத் தகராறு: பிரிக்ஃபீல்ட்ஸ் வழக்கறிஞர் அலுவலகத்தின் ஆலோசனை

மலேசியாவில் கடை வாடகைத் தகராறுகளுக்கெனத் தனித் தீர்ப்பாயம் இல்லை. தொகை எவ்வளவாயினும் செஷன்ஸ் நீதிமன்றம் அவற்றை விசாரிக்கலாம் என்பதிலிருந்தே பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள இந்த வழக்கறிஞர் அலுவலகத்தார், வாடகைக் கடையில் இருக்கும் என் அண்ணனுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், 1950ஆம் ஆண்டு ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்’ (Specific Relief Act) 7(2)ஆம் பிரிவின்படி, உள்ளே இருப்பவரை வழக்குத் தொடுக்காமல் உரிமையாளர் வெளியேற்ற முடியாது என்று கேட்ட பிறகுதான் அண்ணனுக்கு மூச்சு வந்தது. அதே வேளையில், காலி செய்யாமல் நீடித்தால் 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின்கீழ் இரட்டிப்பு வாடகை கோரப்படலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. கட்சிக்காரருக்குப் பிடிக்காததையும் சொல்லும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒப்பந்தத்திற்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டுள்ளதா என்பதையும் முதலிலேயே பார்த்தார்கள். கட்டண விவரத்தை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் தந்திருக்க வேண்டும்.