பிட்டவாஸ்டாட்டின் 4 மி.கி.: ஏ.ஆர்.டி. எடுப்பவர்களின் இதயத்துக்கு எவ்வளவு உதவும்?

ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து சிகிச்சை) எடுத்து வைரல் லோடு (ரத்தத்திலுள்ள வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய பிறகும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கிறது. வைரஸ் அடங்கினாலும் உடம்புக்குள் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது. கொலஸ்ட்ரால் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தவரும் இதற்கு விலக்கல்ல.

2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு, பிட்டவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை) மாத்திரையை இவர்களிடமே சோதித்தது. 40 முதல் 75 வயதுக்குள், ஏ.ஆர்.டி. எடுத்துவந்த 7,769 பேர். இந்தியாவிலிருந்தும் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். தினம் ஒரு 4 மி.கி. எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆனால் 35 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 106 பேர் ஐந்து ஆண்டுகள் எடுத்தால் அவர்களில் ஒருவருக்கு ஒரு பாதிப்பு தவிரும், அவ்வளவுதான். புகை, பிரஷர் என்று அபாயம் கூடக்கூட அந்த 106 வேகமாகக் குறையும்.

கொலஸ்ட்ராலை இறக்குவதில் இது நடுத்தரம்தான். கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 30 சதவீதம் இறங்கும். இதன் உண்மையான பலம், ஏ.ஆர்.டி. மருந்துகளோடு மோதாமல் போவது. இரண்டாம் கட்ட சிகிச்சையில் தரும் அட்டாசனாவிர், லோபினாவிர் மாத்திரைகளில் ரிட்டோனாவிர் கலந்திருக்கும். கல்லீரலில் பல மருந்துகளைக் கரைக்கும் நொதியை அது முடக்கிவிடும். அப்போது சிம்வாஸ்டாட்டின் எடுத்தால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறி, தசை நார்கள் சிதைந்து, சிறுநீரகம் வரை போய்விடும். அந்தச் சேர்க்கை கூடவே கூடாது. பிட்டவாஸ்டாட்டின் அந்த நொதியை நம்பி இல்லாததால் அளவைக் குறைக்காமலே எடுக்கலாம்.

முதல் கட்டத்தில் தரும் டி.எல்.டி. (டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை) எடுப்பவருக்கு இந்தப் பலம் அவ்வளவாகத் தேவைப்படாது, ஏனென்றால் அதில் ரிட்டோனாவிர் இல்லை. விலை இடித்தால் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. போதுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்; அமெரிக்க வழிகாட்டுதலும் இவற்றை மாற்றாக ஏற்கிறது. நேரடிச் சான்று இருப்பது என்னவோ பிட்டவாஸ்டாட்டினுக்குத்தான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இது பற்றாது, வீரியம் கூடிய ஸ்டாட்டின் வேண்டும்.

காலையோ இரவோ, சாப்பிட்டோ சாப்பிடாமலோ எடுக்கலாம். டி.எல்.டி. போடும் நேரத்திலேயே சேர்த்துப் போட்டால் மறக்காது. மருந்துக்கடையில் பில் போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: 1, 2, 4 மி.கி. என மூன்று அளவில் வருகிறது. 4 இல்லாமல் 2 மி.கி. கொடுத்தால் இரண்டு மாத்திரை போட வேண்டும். "இதுவும் கொலஸ்ட்ரால் மாத்திரைதான்" என்று வேறு ஸ்டாட்டினை நீட்டினால் வாங்காதீர்கள்.

எடுக்கும் மருந்துகளை மறைப்பதாலும் கோளாறு வரலாம். இதய மருத்துவரிடம் எச்.ஐ.வி.யைச் சொல்லத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. நோயின் பெயரைச் சொல்ல முடியாவிட்டாலும், எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களையாவது ஒரு சீட்டில் எழுதிக் காட்டுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினால் பிட்டவாஸ்டாட்டின் 2 மி.கி.யைத் தாண்டக் கூடாது. சிறுநீரகம் ஓரளவு பழுதானவருக்கும் 1 மி.கி.யில் தொடங்கி 2 மி.கி.யோடு நிறுத்த வேண்டும். கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் இது ஏற்றதல்ல.

ஆய்வில் தசை வலி போன்ற தொந்தரவு மாத்திரை எடுத்தவர்களில் 2.4 சதவீதம், எடுக்காதவர்களில் 1.4 சதவீதம். புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது முறையே 5.3, 4.0 சதவீதம். டோலுடெக்ராவிரால் எடை கூடியவர்கள் சர்க்கரையைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மெட்ஃபார்மின் தொடங்கினால் டோலுடெக்ராவிரோடு நாளுக்கு 1,000 மி.கி.தான் உச்சம். பிட்டவாஸ்டாட்டின் தொடங்கி நாலு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கொலஸ்ட்ரால் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். இரண்டு தொடையும் சேர்ந்து வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் பிட்டவாஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் ஏ.ஆர்.டி.யை நிறுத்தாதீர்கள்.