அடிப்பாகத் துரு: சில வருஷம் ஓட்டிய பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். என் வண்டியின் அடிப்பாகத்தில் துரு நன்றாகவே முற்றியிருந்தது. வேலை முடிந்து சில மழைக்காலங்கள் போய்விட்டதால், இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் கறுப்பு ரப்பர் கோட்டிங். நான் வாங்கும்போதே வண்டியில் இருந்தது, பார்க்க அடிப்பாகம் புதுசு போலத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு ‘ணங்’ என்றது. கதவுக்குக் கீழே, ஜாக் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் ‘தொப்’ என்று அமுங்கியது. நுனியால் நெம்பியதும் கோட்டிங் பட்டையாக உரிந்து வந்தது. அதன் உள்பக்கம் ஈரம். பின்னால் அடுக்கடுக்காகப் பழுப்புச் செதில். கோட்டிங்கில் ஒரு விரிசல் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. அதில் உப்பும் கலந்திருந்தால் துரு இன்னும் வேகமாகப் பரவும். துருப்பிடித்த தகட்டின் மேல் இந்தக் கோட்டிங்கை யாரும் அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டை விழுந்த இடத்தில் ஃபைபரும் பட்டியும் வைத்து மூடுவது கண்ணை ஏமாற்றும் வேலை. சேஸிஸ், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவற்றில் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்படிச் செய்த இடங்களில் இன்றுவரை குறையில்லை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, உள்ளே கார்பெட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் மேலோட்டமான துருவுக்கு நல்ல மருந்து. அதிலுள்ள டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவைக் கருமையான, கெட்டியான படலமாக மாற்றுகிறது. செதில் தடிப்பாக இருந்தால் மேல்தோல்தான் மாறும், அடியில் அரிப்பு தொடரும். கிரைண்டரில் பளபளவென்று இரும்பு தெரியத் தேய்த்து எபாக்ஸி பிரைமர் அடித்த பகுதி அப்படியே நிற்கிறது. பிரஷ் நுழையாமல் கன்வெர்ட்டர் மட்டும் தடவிய மடிப்புகளில் பழுப்புப் புள்ளி திரும்பத் தலைகாட்டியது.

பலர் விட்டுவிடுவது உள்கூடு, அதாவது மடித்து மூடிய தகடுகளுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம். வெல்டிங் சூட்டில் தகட்டின் பின்பக்கப் பெயிண்ட் கருகிவிடும். வெளியே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் துரு உள்ளிருந்து கிளம்பும். நீண்ட குழாய் நாஸிலை வடிகால் துளை வழியே விட்டுக் கேவிட்டி வாக்ஸ் என்ற மெழுகுப் பூச்சை உள்ளே அடித்தோம். அடித்த பிறகு துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்ப்பது முக்கியம். செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான்.

பிரேக் ஆயில் போகும் குழாயான பிரேக் லைனில் மட்டும் சமரசம் வேண்டாம். கிளிப் பிடித்திருந்த இடத்துக்கு அடியில் குழாய் அரித்துப்போயிருந்தது. கிளிப்பைக் கழற்றாமல் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. முழுவதையும் தாமிர நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிட்டேன். அது துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது.

வெளிப்பூச்சுக்கு இப்போது லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் பிசுக்கு) வகைதான். தூசி ஒட்டும், வாடை சில நாள் இருக்கும், சக்கர வளைவுகளில் தண்ணீர் அடித்து அடித்துக் கரைந்துவிடும். ஆனால் இறுகி வெடிக்காது, அடியில் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காது. பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் படாமல் மூடிவிட்டு அடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கும் முன், அடிப்பாகத்தைக் கழுவி நன்றாக உலரவிட்டுத் திரும்ப அடிக்கிறேன். பின்சக்கர வளைவின் மடிப்பில் மட்டும் துரு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அந்த ஓரத்தை இந்த முறை வெட்டி மாற்றப் போகிறேன்.