48 வோல்ட்டா, 200 வோல்ட்டா: ஹைப்ரிட் கார் ஒயரிங்கில் எது பாதுகாப்பு?

எஞ்சினுக்கு மோட்டார் கைகொடுக்க மட்டும் செய்யும் மைல்டு ஹைப்ரிட் கார்களில் ஓடுவது பெரும்பாலும் 48 வோல்ட். மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய முழு ஹைப்ரிட்டில் பெரும்பாலும் 200 வோல்ட் அல்லது அதற்கும் மேல். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பேட்டரி 201.6 வோல்ட்தான் என்றாலும், மோட்டாருக்குப் போகும் வழியில் அது 650 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது.

கைபட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பார்த்தால் 48 வோல்ட்டே மேல். மின்சாரத்தில் ஓடும் வாகனங்களின் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் ஆர்100 விதிப்படி, டிசியில் (நேர்மின்னோட்டத்தில்) 60 வோல்ட்டைத் தாண்டினால்தான் உயர் மின்னழுத்தம். அதனால் 48 வோல்ட் கேபிளுக்கு, உயர் மின்னழுத்தத்தைக் காட்டும் ஆரஞ்சு நிறம்கூடக் கட்டாயமில்லை.

அதற்காக அது சாது என்று நினைத்துவிடக் கூடாது. 10 கிலோவாட் கொடுக்க 200 வோல்ட்டில் 50 ஆம்பியர் போதும். 48 வோல்ட்டில் 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும். டெர்மினல் கொஞ்சம் லூஸாக இருந்தால் நான்கு மடங்கு கரண்ட் அதே இடத்தில் பதினாறு மடங்கு சூட்டைக் கிளப்பும். போதாததற்கு, 48 வோல்ட்டின் நெகட்டிவ் பொதுவாகக் காரின் பாடியோடு சேர்ந்தே இருக்கும். பாசிட்டிவ் கேபிள் உரசித் தேய்ந்து பாடியைத் தொட்டால் உடனே ஷார்ட்தான். 12 வோல்ட்டில் சட்டென்று அணைந்துவிடும் தீப்பொறி, இங்கே அணையாமல் நின்று எரியலாம்.

முழு ஹைப்ரிட்டில் இரண்டு முனைகளுமே பாடியோடு ஒட்டாமல் தனித்து இருக்கும். ஒரு கேபிளின் இன்சுலேஷன் போனாலும் கரண்ட் சுற்றிவர வழி கிடைக்காது. டிசி பக்கம் கேபிளுக்கும் பாடிக்கும் இடையே வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் தடை இருக்க வேண்டும், அதாவது கசிவு 10 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. காரே இதைக் கண்காணித்து விளக்கெரித்து எச்சரிக்கும். அந்த விளக்கைப் பார்த்தும் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மறுமுனையிலும் இன்சுலேஷன் போனால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும்.

ஒயர் பழுதாவதைத் தாங்குவதில் என் ஓட்டு முழு ஹைப்ரிட்டுக்கே. ஆனால் கழற்றி வேலை பார்ப்பது என்று வந்தால் கதை வேறு. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காத்திருக்க வேண்டும். அப்புறமும் 1000 வோல்ட் தாங்கும் இன்சுலேட்டட் கையுறையைப் போட்டுக்கொண்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பின்பே ஸ்பேனரை எடுக்கலாம். பேட்டரிப் பெட்டிக்குள் மட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மின்னழுத்தம் இருக்கும். பயிற்சி இல்லாதவர் அதைத் திறக்கவே கூடாது.