சேமித்த க்வெரியை சிஎல்ஐயில் எடுப்பது: எல்லாம் சரி, பட்டியலில் பெயர் எங்கே?

அமேசான் க்ளவுடின் அதீனா சேவையில் சேமித்து வைத்த எஸ்கியூஎல் க்வெரிகளை (டேட்டாவிடம் தகவல் கேட்க எழுதுபவை), பிரவுசரைத் திறக்காமல் சிஎல்ஐ, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை வழியாகவே எடுத்துவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் வெகுநாளாக அப்படித்தான் எடுக்கிறேன். எடுக்கலாம், நன்றாகவே எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் பட்டியலைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். என் கோபமெல்லாம் அங்கேதான்.

‘லிஸ்ட்-நேம்ட்-க்வெரீஸ்’ என்று கட்டளை கொடுத்தால் என்ன வரும் என்று நினைப்பீர்கள்? பெயர் வைத்துச் சேமித்தவைதானே, பெயர்கள் வரும் என்று. வராது. ஐடி மட்டும்தான் வரும். ஒவ்வொன்றும் 36 எழுத்து நீள யூயூஐடி என்னும் அடையாளக் குறி, நடுநடுவே நான்கு கோடு, திரை முழுக்க அதுவே. இதில் மாதக் கடைசி பில்லிங் க்வெரி எது, யாரோ சோதித்துப் பார்த்துவிட்டு மறந்துபோன ‘டெஸ்ட்2’ எது? பெயர், விவரம், டேட்டாபேஸ் எதுவும் அந்தப் பதிலில் கிடையாது. பெயரைச் சொல்லி வடிகட்டவும் அந்தக் கட்டளையில் வழியில்லை.

ஒரு ஐடியைப் பிடித்து ‘கெட்-நேம்ட்-க்வெரி’யிடம் கொடுத்தால்தான் அதன் பெயர் தெரியும். எந்த ஐடியைப் பிடிப்பது என்பதற்கோ முதலில் பெயர் தெரிய வேண்டும். கடுப்பைக் கூட்டுவது இன்னொன்று: அதே சேவையில் ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டும் (மதிப்புகளைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் க்வெரி) உண்டு. அதை வொர்க்குரூப்பும் (க்வெரிகளை டீம்வாரியாகப் பிரித்து வைக்கும் குழு) பெயரும் சொன்னால் நேராக எடுத்துத் தருகிறது. பக்கத்துக் கட்டளைக்குத் தெரிந்தது இதற்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். வழி இல்லாமல் இல்லை. ‘பேட்ச்-கெட்-நேம்ட்-க்வெரி’ ஒரே அழைப்பில் 50 ஐடி வரை வாங்கிக்கொள்ளும். ஏதாவது ஒன்றிரண்டு கிடைக்காவிட்டால் மொத்தத்தையும் தூக்கி எறியாமல், கிடைக்காதவற்றைத் தனியாகக் குறித்துக் காட்டிவிட்டு மீதியைத் தரும். ஆகவே பட்டியலை டெக்ஸ்ட்டாக வாங்கி, எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையில் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து பேட்ச் கட்டளைக்கு அனுப்பி, ஜேஎம்இஎஸ்பாத் என்னும் வடிகட்டும் மொழியில் பெயரையும் ஐடியையும் மட்டும் பிடித்து, கடைசியில் வேண்டிய பெயரைத் தேட ஒரு க்ரெப். இதை ஒரே சொல்லில் ஓடும் ஷெல் ஃபங்ஷனாகப் போட்டு வைத்திருக்கிறேன். பட்டியல் நீளமாக இருந்தாலும் அடுத்தடுத்த பக்கங்களை சிஎல்ஐ தானாகவே வாங்கிக்கொள்கிறது, அந்தத் தலைவலி இல்லை. என்ன, இந்த ஒட்டுவேலையைக் கருவியே செய்திருக்கலாம்.

வொர்க்குரூப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைக் குறிப்பிடாவிட்டால் ‘பிரைமரி’ வொர்க்குரூப்பில் இருப்பவை மட்டுமே வரும். உங்கள் டீமின் க்வெரிகள் வேறு வொர்க்குரூப்பில் இருந்தால், பிழை எதுவும் காட்டாமல் அவை இல்லாத பட்டியலை நீட்டும். யாரோ எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்று அலறாதீர்கள்.

இவ்வளவு திட்டியும் ஏன் இதை விடவில்லை என்றால், க்வெரி கைக்கு வரும் விதம். ஜேசான் என்னும் டேட்டா வடிவத்தில் பார்த்தால் சகிக்காது: வரி உடைய வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பேக்ஸ்லாஷும் ‘என்’னும் நிற்க, நீளமான க்வெரி முழுவதும் ஒரே கயிறாக வரும். க்வெரியின் உரை இருக்கும் க்வெரிஸ்ட்ரிங்கை மட்டும் கேட்டு, அவுட்புட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிப் பாருங்கள். எழுதியவர் விட்ட இடைவெளி, உள்தள்ளல், கமென்ட் எல்லாம் அப்படியே இறங்கும். ‘இங்கே இன்னர் ஜாயின் போடாதே, ரீஃபண்ட் வரிசைகள் காணாமல் போகும்’ என்று, வேலையை விட்டே போய்விட்ட ஒருவர் எழுதி வைத்த எச்சரிக்கை அப்படித்தான் என் கண்ணில் பட்டது. நேராக ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கும் பிரதியோடு டிஃப் போட்டு ஒப்பிட்டால், யார் எந்த வரியில் கை வைத்தார்கள் என்பது தெரியாவிட்டாலும், எந்த வரி மாறியது என்பது பளிச்சென்று தெரியும். பிரவுசர் கன்சோலில் ஒவ்வொன்றாகத் திறந்து காப்பி செய்து பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் புரியும்.

அந்த கிட் பிரதி முக்கியம். சேமித்த க்வெரியைத் திருத்தினால் பழையதன் மேலேயே எழுதிவிடும், முந்தைய வடிவத்தைக் கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் ராத்திரியில் நேரம் வைத்துத் தானாக ஓடும் ஒரு கிரான் ஜாப் எல்லாவற்றையும் இறக்கி கிட்டில் கமிட் செய்துவிடுகிறது. நண்பருக்கு என் பதில்: பத்துப் பதினைந்து க்வெரிதான் என்றால் கன்சோலிலேயே இருங்கள், இந்தப் பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு மேல் என்றால் என் ஃபங்ஷனை அனுப்புகிறேன். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்றும் கேட்டார். க்வெரியை எடுத்துத் தரும் விதத்துக்கு நாலரை கொடுக்கலாம். ஆனால் இன்றைக்குக் காலையிலும் புது மெஷினில் ஃபங்ஷன் இல்லாமல் அந்த ஐடி மூட்டையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதனால் இரண்டு.