குன்னூர் பக்கம் ரீஹேப் சென்டர்ல அம்மாவை விட்டு 1,03,600 ரூபாயும் போச்சு, வயசானவங்க வீட்ல இருக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க

அம்மாவை ஊட்டி கவர்மென்ட் ஆஸ்பத்திரில சேர்த்து இன்னைக்கு அஞ்சாவது நாள், வார்டுக்கு வெளிய உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பேரு போட வேணாம்னு தெரிஞ்ச வக்கீல் அண்ணன் சொல்லிட்டார். ஆபரேஷன் முடிஞ்சவங்களை நர்ஸ், பிசியோ எல்லாம் வச்சு பாத்துக்கிறோம்னு சொல்ற ஒரு தனியார் சென்டர், அவ்வளவுதான் சொல்ல முடியும். என்னென்ன பாத்து சேர்க்கணும்னு கடைசில பாயிண்ட் பாயிண்டா போடறேன்.

அம்மாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு. கோத்தகிரில எங்க வீடு ரோட்டுல இருந்து 62 படி கீழ. போன மாசம் மழைல அந்தப் படில வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு, கோயம்புத்தூர்ல ஆபரேஷன் பண்ணாங்க, மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வச்சாங்க. படுக்கைல போட்டுறாதீங்க, தினமும் நடக்க வைங்கன்னு டாக்டர் அத்தனை தடவை சொன்னார். ஆனா அந்த 62 படில தூக்கிட்டு இறங்கிட்டா திரும்ப பிசியோவுக்கு எப்படி மேல கொண்டு போறது, நான் தோட்டத்துக்குப் போகணும், வீட்டுக்காரி ஸ்கூலுக்குப் போகணும், அப்படித்தான் இந்த சென்டருக்குப் போனோம்.

போன அன்னைக்கு அந்த இன்சார்ஜ் சிஸ்டர் நடந்துகிட்ட விதம் இருக்கே. அம்மா ஸ்வெட்டர்ல மேல் பட்டன் கழண்டிருந்துச்சு, எங்ககிட்ட பேசிக்கிட்டே குனிஞ்சு அதைப் போட்டு விட்டாங்க, பாட்டிக்கு கை சில்லுனு இருக்கேன்னு ரெண்டு கைக்குள்ளயும் வச்சு தேய்ச்சாங்க. "அண்ணா நீங்க நிம்மதியா போங்க, ஆறு வாரத்துல பாட்டி உங்க வீட்டுப் படில தானா இறங்குவாங்க"ன்னாங்க. கட்டில் தலைமாட்டுல ஒரு சார்ட் தொங்குச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வச்சோம்னு நேரம் போட்டு பக்கத்துல கையெழுத்து. அந்த சார்ட்டைப் பாத்துத்தான் நம்பினேன். ஆறு வாரத்துக்கு மொத்தமா கட்டினா கொறச்சுத் தரோம்னாங்க, வீட்டுக்காரி வளையலை அடகு வச்சு 96,000 அன்னைக்கே ஜிபேல போட்டேன். அப்புறம் ரூம் ஹீட்டருக்கு நாளைக்கு 200, டயப்பர் தனி, ஆயின்ட்மென்ட் தனின்னு 7,600 வாங்கினாங்க. ஆக 1,03,600 ரூபாய். பச்சைத் தேயிலை போற விலைக்கு இது எங்களுக்கு எவ்வளவு பெரிய காசுன்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

பாக்க விடறது சாயங்காலம் 4ல இருந்து 5 வரைக்கும் மட்டும். மத்த நாள் வாட்ஸ்அப்ல போட்டோ வரும், அம்மா வாக்கர் புடிச்சு நிக்கிற மாதிரி. ஒரு நாள் வந்த போட்டோல அம்மா போட்டிருந்த நீல ஸ்வெட்டர் எங்க வீட்டுக் கொடில காஞ்சுக்கிட்டு இருக்கு, துவைக்கிறதுக்குன்னு நான்தான் எடுத்துட்டு வந்தேன். அப்பவே நான் கிளம்பிப் போயிருக்கணும். பழைய போட்டோவை மாத்தி அனுப்பிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்.

19வது நாள் போறேன், ரூம்ல நுழையும்போதே வாடை. அம்மா மல்லாக்க படுத்திருக்காங்க. சார்ட்டைப் பாத்தேன். மணி அப்ப நாலு பத்து. ஆனா 6 மணி, 8 மணி, 10 மணி, விடியக்காலை 6 வரைக்கும் கையெழுத்து போட்டு முடிச்சிருக்கு, எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. இன்னும் வராத ராத்திரிக்கு எங்க அம்மாவைத் திருப்பிப் படுக்க வச்சாச்சாம்! போர்வையை எடுத்துட்டு நானே மெதுவா ஒருக்களிச்சுத் திருப்பினேன். வால் எலும்புகிட்ட உள்ளங்கை அகலத்துக்கு கருப்பா சதை, சுத்தி ஈரம். கம்பளி சாக்ஸைக் கழட்டினா ரெண்டு குதிகாலும் கருத்துப் போயிருக்கு. "மணி அடிச்சுப் பாத்தேன் சாமி, யாரும் வரல, உனக்கு வேற எதுக்கு சிரமம்னு சொல்லல"ன்னாங்க. பிசியோ பையன் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து காலை மடக்கி நீட்டிட்டுப் போயிருவானாம், கட்டிலை விட்டு எறக்கினதே மூணு தடவைதானாம்.

பட்டன் போட்டு விட்ட அதே சிஸ்டர்கிட்ட கேட்டா, சுகர் இருந்தா புண்ணு வரத்தான் செய்யும் சார்னாங்க. அண்ணன் போய் சார் ஆயிட்டேன். மேனேஜர் மீட்டிங்ல இருக்கார், மறுநாள் கேட்டா கோயம்புத்தூர் போயிருக்கார், அதுக்கு மறுநாள் மெயில் போடுங்க, மெயில் போட்டா நீங்க கையெழுத்து போட்ட பாரத்துல கட்டின பணம் திரும்ப வராதுன்னு இருக்கே. சேர்க்கிற அவசரத்துல எட்டுப் பக்கம் நீட்டினாங்க, எங்க படிச்சோம். இருந்தது 19 நாள், 1,03,600 ரூபாய்ல ஒத்த ரூபாய் திரும்ப வரல. கேஸ் ஷீட் காப்பி கேட்டதுக்கு டாக்டர் லீவுன்னாங்க. எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு விதியே இருக்குன்னு வக்கீல் அண்ணன் சொன்னதும் ரிஜிஸ்டர் தபால்ல போட்டுட்டேன்.

இங்க ஊட்டில கருப்புச் சதையை வெட்டி எடுத்தாங்க. ஒரே பக்கமா நாள்கணக்குல படுக்க வச்சதாலதான் இந்தப் புண்ணுன்னு டாக்டர் சொன்னார். புண்ணு ஆறுற வரைக்கும் நடக்க வைக்கிறது கஷ்டமாம். மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற கவர்மென்ட் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வந்து ஃப்ரீயா பாப்பாங்கன்னு இங்க ஒரு சிஸ்டர் சொன்னப்ப எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. 2021ல இருந்து இருக்கு, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல.

பாயிண்டா போடறேன்னேன், டிரெஸ்ஸிங்குக்கு கூப்பிடறாங்க, அதனால சுருக்கமா. மொத்தமா பணம் கட்டாதீங்க, வாரா வாரம் கட்டுங்க. சார்ட்டைப் பாக்காதீங்க, முதுகைப் பாருங்க, குதிகாலைப் பாருங்க, போற ஒவ்வொரு தடவையும். சொல்லாம போங்க, விடலைன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க. தனியார் ஆஸ்பத்திரி, கிளினிக்குக்கு எல்லாம் இருக்கிற 1997 தமிழ்நாடு சட்டப்படி பதிவு பண்ணிருக்காங்களான்னு சர்டிபிகேட் கேளுங்க. முதியோருக்கு 14567, நுகர்வோர் புகாருக்கு 1915. நுகர்வோர் கோர்ட்ல ரெண்டு வருசத்துக்குள்ள கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லையாம், நான் போடத்தான் போறேன். 1,03,600 ரூபாய்ல அவங்க ரசீது குடுத்ததே 96,000க்குத்தான், மீதி 7,600 கையில வாங்கினது, அதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. உள்ள கூப்பிடறாங்க, போறேன்.