அம்புலிமாமாவா, முத்து காமிக்ஸா?

நாம சின்ன வயசுல படிச்சத பிள்ளைக்கு வாங்கித் தரணும்னு நினைக்கிறவங்க இந்த ரெண்டுல எதுன்னு கேக்குறாங்க.

கிடைக்கிறது: அம்புலிமாமா 1947ல ஆரம்பிச்ச சிறுவர் கதைப் பத்திரிகை, இப்ப அச்சுல வரல, பழைய புத்தகக் கடைலதான் தேடணும். முத்து படக்கதைப் புத்தகம், 1972ல இரும்புக்கை மாயாவிங்கிற ஹீரோவோட கதையோட வந்தது, சிவகாசில இருந்து இன்னும் வருது.

படிக்க: முத்துல படமே கதைய இழுத்துட்டுப் போயிடும். அம்புலிமாமாவ யாராவது கூட உக்காந்து படிச்சுக் காட்டணும்.

மனசுல நிக்கிறது: இங்க என் ஓட்டு அம்புலிமாமாவுக்குத்தான், அதுல வர்ற விக்ரமாதித்தன் கதைல வேதாளம் கேள்வி கேட்டதும் விக்ரமன் வாய தொறக்குறதுக்கு முன்னாடி நாமளே பதில் யோசிப்போம் பாருங்க, அந்தப் பழக்கம் போகவே போகாது, கூடவே தோள்ல பிணம் கைல வாள்னு ஓவியர் சங்கர் வரைஞ்ச அந்த ராஜா.

தனியா படிக்கிற பிள்ளைக்கு முத்து, ராத்திரி கதை கேக்குற குட்டிக்கு அம்புலிமாமா.